அருந்ததியைப் பார்த்தவர் யார்?

“அதோ பாரம்மா, அருந்ததி! தெரிகிறதா?”

“தெரிகிறது.”

மணப்பந்தல்களிலே நாம் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. கேட்பவர் புரோகிதர். தலைகுனிந்தபடி விடை தருபவள் மணமகள். விரல் நீண்ட திசையிலே இருப்பது பந்தலின் கீற்று. கீற்றுக்கு மேலே இருப்பது காலைக் கதிரவன். காட்டியவரும் காணவில்லை, கண்டேன் என்றவளும் காணவில்லை. ஊரார் கூடியிருக்கும் மன்றத்திலே, புதுவாழ்வு தொடங்கும் அந்த நாழிகையிலே, இரண்டு இளம் உள்ளங்களுக்குப் புகட்டப்படும் முதற்பாடம் இதுதான்: பெரியவர் காட்டினால், காணாததையும் கண்டேன் என்று சொல்.

பகலில் விண்மீன் தெரியாது என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. அதை மட்டும் சொல்லி நகைத்துவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தோம். வைகாசியிலும் ஆனியிலும், காலை ஏழு மணி முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் நம் நாட்டிலிருந்து பார்த்தால் அருந்ததி வானத்திலேயே இல்லை! அது தொடுவானத்துக்குக் கீழே கிடக்கிறது. கதிரவனை அணைத்துவிட்டாலும் தெரியாது. காண வேண்டுமாயின் மண்ணைத் துளைத்துத்தான் காண வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முன்னிரவு நேரத்தில் வாசலில் நின்று தேடினாலும் அதே கதைதான். நள்ளிரவு கடந்த பிறகுதான் அது வடகிழக்கே தலைகாட்டும். ஆயினும் விரல் மட்டும் எல்லா மாதமும் மேலேதான் நீளுகிறது.

அருந்ததியை உண்மையாகவே பார்க்கத் தகுந்த காலம் எது? இளவேனில். சித்திரை மாத முன்னிரவிலே வடகிழக்கே பாருங்கள். ஏர்க்கலப்பை ஒன்றை வானத்திலே சாய்த்து வைத்தாற்போல ஏழு விண்மீன்கள் நிற்கும். நான்கு மீன்கள் ஒரு கட்டமாகவும், மூன்று மீன்கள் வளைந்த பிடியாகவும் அமைந்திருக்கும். சங்கப் புலவர் இதனை எழுமீன் என்றனர். வடமொழியாளர் ஏழு முனிவர் என்றனர். வளைந்த பிடியின் மூன்று மீன்களில் நடுமீனை உற்றுப் பாருங்கள். அதன் தோளிலே ஒட்டியதுபோல மங்கலாக ஒரு சிறுமீன் தெரியும். நடுமீன்தான் வசிட்டர் என்று சொல்லப்பட்டது. தோள்மீன்தான் அருந்ததி. சித்திரை முடியும் தறுவாயில், இரவு பத்து மணிக்கு, இவை வடக்கே நேர் உச்சத்தில், பாதி வானம் ஏறி நிற்கும். தெளிந்த கண்ணுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இந்தச் சிறுமீனுக்கு நம் முன்னோர் ஏற்றிய சுமை கொஞ்சமன்று. சங்கப் பாடல்களில் அது வடமீன், கற்புக்கு உவமை. சிலப்பதிகாரத்தில், மாமுது பார்ப்பான் மறைவழி காட்ட நடக்கும் மணவிழாவிலே, கண்ணகிக்கு ஒப்பாக வருவதும் அதுவே. மணமகளை அழைத்து, “அவளைப் போல இரு” என்கிறார்கள். மணமகனை அழைத்து, “இன்னாரைப் போல இரு” என்று எந்த விண்மீனையாவது காட்டுகிறார்களா? வானத்தில் அவனுக்கென்று ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை போலும்!

இதே சிறுமீனை அரபு நாட்டாரும் கண்டனர். அவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? கண்பார்வை கூர்மையாக இருக்கிறதா என்று சோதிக்க அதைப் பயன்படுத்தினர். நடுமீனுக்கு அவர்கள் இட்ட பெயர் மிசார். இடுப்பிலே சுற்றும் ஆடை என்று பொருள். நாம் மாமுனிவர் என்று கைகூப்பியதை அவர்கள் இடுப்புத்துணி என்றனர். அவர்கள் அந்த மீனைக் கொண்டு கண்ணைச் சோதித்தார்கள். நாம் அந்த மீனைக் கொண்டு பெண்ணைச் சோதித்தோம்.

சோதனையோடு நில்லாமல், ஊன்றிப் பார்த்தவர்களும் இருந்தனர். 1617ஆம் ஆண்டு, கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி என்பவர் தொலைநோக்கியை மிசார் மீது திருப்பினார். அருந்ததியைச் சொல்லவில்லை, அந்த வசிட்டரே இரண்டாகத் தெரிந்தார்! தொலைநோக்கி வழியே இரட்டையென்று கண்டறியப்பட்ட முதல் விண்மீன் இதுதான். காஸ்டெல்லி ஒரு கிறித்தவத் துறவி. துறவியாயினும் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு மடத்துக்குள் போகவில்லை என்பதற்காக அவரைப் பாராட்டுகிறோம். 1857இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வான்நிலையத்தார் மிசாரைப் புகைப்படம் எடுத்தனர். புகைப்படத் தட்டில் பதிந்த முதல் இரட்டை மீனும் இதுவே. 1889இல் அதே நிலையத்தில் அதன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே பிரித்து நிறமாலையாக்கிப் பார்த்தார்கள். ஒளியின் கோடுகள் சில நாள் ஒற்றையாகவும் சில நாள் இரட்டையாகவும் பிரிந்து பிரிந்து சேர்ந்தன. எந்தத் தொலைநோக்கியும் அன்று பிரிக்க முடியாத அளவுக்கு நெருங்கி, ஏறத்தாழ இருபது நாளுக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு கதிரவர்கள் அங்கே இருப்பதை அந்தக் கோடுகள் காட்டிக்கொடுத்தன. பிறகு அதன் துணைமீனும் இரட்டையென்று தெரிந்தது. 2009இல் அருந்ததிக்கே மங்கலான ஒரு துணைமீன் உண்டென்று கண்டனர். ஆக, கணவன் ஒருவர், மனைவி ஒருத்தி என்று காட்டப்பட்ட அந்த இடத்தில் நிற்பவை ஆறு கதிரவர்கள். அவற்றின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன.

ஹார்வர்டில் அந்தத் தட்டுகளை ஆராய்ந்து கணக்கிட்டவர்கள் யார்? பெண்கள்! மிசாரின் கோடுகளை ஆராய்ந்தவர் அந்தோனியா மோரி. அவருடன் பணியாற்றிய வில்லியமினா பிளெமிங் என்பவரின் கதை இன்னும் உருக்கமானது. ஸ்காட்லாந்திலிருந்து கணவனோடு வந்தவர். கருவுற்றிருந்த நிலையில் அவனால் கைவிடப்பட்டவர். வயிற்றுப் பிழைப்புக்காக வான்நிலைய இயக்குநர் பிக்கரிங்கின் வீட்டிலே பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். அடுப்படியிலிருந்து அவரை வான்நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பத்து நோவா வெடிப்புகளையும், 300க்கும் மேற்பட்ட ஒளிமாறும் மீன்களையும், குதிரைத்தலை போன்ற கருமுகிலையும் புகைப்படத் தட்டுகளில் கண்டெடுத்தார். அந்தப் பெண்களுக்கு அங்கே கிடைத்த கூலி மணிக்கு இருபத்தைந்து சென்ட் முதற்கொண்டுதான். அந்த அநீதியையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கணவன் கைவிட்ட ஒரு பெண்ணை நம் ஊர் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மங்கல நிகழ்ச்சியிலே முன்னால் வராதே என்றிருக்கும். அருந்ததி காட்டும் மணவறைப் பக்கம் அவள் நிழல்கூடப் படக்கூடாது என்றிருக்கும்.

வானநூல் என்றாலே பெரிய பட்டங்கள், பெரிய மாளிகைகள், அரசாங்கத்தின் பெருங்கருவிகள் என்று நம் இளைஞர்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள். ஒருபுறம் பஞ்சாங்கம் மிரட்டுகிறது. மறுபுறம் படிப்பு மிரட்டுகிறது. இரண்டு மிரட்டலுக்கும் விடையாக ஓர் இசைக்காரனின் குடும்பத்தைக் காட்டுவோம்.

வில்லியம் எர்செல், ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துப் படைவாத்தியக் குழுவிலே குழல் ஊதியவரின் மகன். தாமும் அதே தொழில் செய்தவர். இங்கிலாந்துக்கு வந்து, பாத் என்னும் ஊரிலே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். நாளெல்லாம் பாட்டு, இரவெல்லாம் வானம். நல்ல தொலைநோக்கி வாங்கப் பணமில்லை. ஆகவே தாமே செய்யத் தொடங்கினார். உலோகத்தை உருக்கி ஆடி வார்க்க வேண்டும். வார்ப்பு அச்சுக்கு என்ன பொருள் தெரியுமா? குதிரைச் சாணம்! உரலில் இடித்துச் சலித்த சாணம். இடித்தவருள் ஒருவர் அவருடைய தங்கை கரோலின். ஒருமுறை உருகிய உலோகம் வழிந்து தரையில் ஓட, பாவியிருந்த கற்கள் வெடித்துப் பறந்தன; அனைவரும் உயிர் தப்ப ஓடினர். வார்த்த ஆடியை மெருகேற்றுவதற்கு மணிக்கணக்கில் கையெடாமல் தேய்க்க வேண்டும். ஒருநாள் பதினாறு மணி நேரம் அவர் கையெடுக்காமல் தேய்த்தபோது, உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார் கரோலின்.

1781 மார்ச் 13ஆம் நாள் இரவு. அதே வீட்டின் தோட்டத்திலே, ஆறு அங்குலத்துக்குச் சற்றே பெரிதான தம் கைசெய் ஆடியின் வழியே, இடபத்துக்கும் மிதுனத்துக்கும் நடுவே, புள்ளியாயில்லாமல் சிறு வட்டாகத் தெரிந்த ஒன்றை எர்செல் கண்டார். வால்மீன் என்றே முதலில் நினைத்தார். கணக்கிட்டவர்கள் திகைத்தனர். அது வால்மீனன்று, சனிக்கு அப்பால் கதிரவனைச் சுற்றும் ஒரு புதிய கோள்! அதுவே யுரேனஸ்.

இங்கே ஒரு வினா எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒன்பது கிரகங்கள் மனிதனை ஆட்டிவைக்கின்றன என்கிறது சோதிடம். கதிரவனையும் நிலவையும் கிரகமென்று எண்ணி, இல்லாத இராகு கேதுக்களையும் சேர்த்துத்தான் அந்த ஒன்பது. நாம் நிற்கும் பூமி அந்தப் பட்டியலில் இல்லை. அது போகட்டும். 1781க்கு முன் எழுதப்பட்ட ஓலைகள் எத்தனை இலட்சம்! அத்தனையிலும் யுரேனஸ் இல்லை. பூமியைப் போல நான்கு மடங்கு குறுக்களவுள்ள ஒரு கோளைக் காணத் தவறியவர்கள், அடுத்த தெருப் பெண்ணின் வாழ்க்கையை மட்டும் கண்டுவிட்டார்களாம்! அந்தக் கோளைக் கண்டது ஞானதிருஷ்டி அன்று. சாணம் இடித்த கையும் ஆடி தேய்த்த கையும்.

கரோலினைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சிறுவயதிலேயே நோயால் வளர்ச்சி குன்றி, நான்கேகால் அடி உயரத்தோடு நின்றுவிட்டவர். இவளுக்கு மணமாகாது, வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்று தாய் முடிவு செய்துவிட்டாள். 1772இல் அண்ணன் அவரை மீட்டு வந்தார். அண்ணன் தொலைநோக்கியின் அருகே நின்று கூவ, தங்கை விளக்கொளியில் குறித்தார், விடிந்ததும் கணக்கிட்டார். அண்ணன் ஊரில் இல்லாத நாளில், 1786 ஆகஸ்ட் முதல் நாள், தாமே ஒரு வால்மீனைக் கண்டார். மொத்தம் எட்டு வால்மீன்கள் அவர் பெயரால் எண்ணப்படுகின்றன. 1787இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார். 1828இல் அரச வானநூற் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. மேலைநாடு மெச்சத்தக்கது என்று நாம் உடனே கைதட்ட வேண்டாம்: அந்தப் பதக்கம் அடுத்து ஒரு பெண்ணின் கழுத்துக்கு வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கும் மனு இருந்தான், பெயர்தான் வேறு.

எர்செல் யுரேனசைக் கண்ட ஐந்தாம் நாள், மார்ச் 18, பாரிசிலே இன்னொருவர் விழித்திருந்தார். சார்லஸ் மெசியே. கடற்படை வான்நிலையத்திலே படம் வரையவும் குறிப்பெழுதவும் சேர்ந்தவர், வால்மீன் வேட்டைக்காரர். அன்று ஒரே இரவில் கன்னி மண்டலத்தின் பக்கத்திலே எட்டு மங்கல் புள்ளிகளைக் குறித்தார். வால்மீன்போலத் தோன்றி ஏமாற்றுகின்றனவே என்ற எரிச்சலில், இவற்றைக் கண்டு ஏமாறாதீர் என்று பட்டியலிட்டார். அவர் தொல்லை என்று தள்ளிய அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கோடிகோடி விண்மீன்கள் கூடிய பெருந்திரள்! அவற்றுள் 87 என்னும் எண்ணிட்டது 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ளது. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் நிழலைத்தான் 2019 ஏப்ரலில் உலகம் முதன்முதலாகப் படமாகக் கண்டது. 650 கோடிக் கதிரவர்களின் எடை அதற்கு. மூன்று நான்கு அங்குலத் தொலைநோக்கியும் ஊர் விளக்கு எட்டாத வயற்காடும் வாய்த்தால், சித்திரை இரவில் அந்தப் புள்ளியைப் புகைக்கறை போல நீங்களும் காணலாம்.

கருவியில்லாதவர் வருந்த வேண்டாம். வெறுங்கண்ணுக்கே இளவேனில் வானம் வேண்டிய அளவு வைத்திருக்கிறது. முதலில் நாள் பார்க்க வேண்டும்! ஆம், நாமும் நாள் பார்க்கச் சொல்கிறோம். நிலவில்லாத நாளாகப் பாருங்கள். அமாவாசை இரவில் வெளியே போகாதே என்று பாட்டி அஞ்சுவாள். விண்மீன் பார்ப்பவனுக்கு அதுவே நன்னாள். விளக்கை விட்டு விலகி இருளில் அரைமணி நேரம் இருங்கள், கண் பழகும். குறிப்பெழுத விளக்கு வேண்டுமானால் கைவிளக்கின் முகப்பிலே சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பொளி பழகிய கண்ணைக் கெடுக்காது.

சித்திரை பிறந்த நாளையொட்டி இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் தலையை நிமிர்த்துங்கள். நேர் உச்சியிலே நிற்பது மகம். மகத்துக்கு மேலே வளைந்து தெரிவது ஓர் அரிவாள். மகமே அதன் கைப்பிடி. மேலைநாட்டார் இதனைச் சிங்கத்தின் பிடரி என்பர். நமக்கு அரிவாளே போதும். மகத்திலிருந்து சற்று மேற்கே பாருங்கள். ஐந்தாறு மங்கல் மீன்கள் சிறு வளையமாகக் கூடியிருக்கும். அதுதான் ஆயில்யம்.

ஆயில்யத்தில் பிறந்த பெண்ணைக் கொண்டால் மாமியாருக்கு ஆகாது என்று எத்தனை வரன்கள் தட்டிப்போயின! எத்தனை தகப்பன்மார் தரகரிடமும் சோதிடரிடமும் பணம் கொடுத்து மகளின் பிறந்த நேரத்தையே மாற்றி எழுதினர்! எத்தனை பெண்கள், முப்பதைக் கடந்தும், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றனர்! அவர்களுள் எவளுக்கேனும் அந்த ஆயில்யத்தை எவரேனும் காட்டியதுண்டா? காட்டுங்கள் தோழர்களே, அவளை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். அந்த வளையத்தின் ஒளிமிக்க மீன்களுள் ஒன்றிலிருந்து இன்றிரவு கண்ணில் படும் ஒளி, ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அன்று இந்தப் பெண்ணும் பிறக்கவில்லை, மாமியாரும் பிறக்கவில்லை. பிறவாத மாமியாரைக் குறிவைத்துப் புறப்பட்ட அந்த ஒளியின் முன்யோசனையைத்தான் என்னென்பது!

இப்போது எழுமீனுக்குத் திரும்புவோம். கலப்பைப் பிடியின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே கண்ணைக் கிழக்கே ஓட்டுங்கள். செம்பொன் நிறத்தில் ஒரு பெருமீன் எதிர்ப்படும், அது சோதி. வளைவை இன்னும் தெற்கே நீட்டினால் நீலவெண்மை நிறத்தில் மற்றொன்று; அது சித்திரை. மாதத்துக்குப் பெயர் கொடுத்த மீன்.

நிலைத்த மீன்கள் என்று உலகம் நம்பிவந்தது. 1718இல் ஆலி என்னும் ஆங்கிலேயர், கிரேக்கர் குறித்து வைத்த இடங்களையும் தம் காலத்து இடங்களையும் ஒப்பிட்டார். சோதி, முழுநிலவின் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு இடம் பெயர்ந்திருந்தது! அசையாதது என்று மறைகள் பாடியது அசைந்துகொண்டிருந்தது. அதே சோதியின் ஒளியைக் கொண்டு 1933இல் சிகாகோ நகரத்துக் கண்காட்சியின் விளக்குகளை ஏற்றினார்கள். தொலைநோக்கிகளால் ஒளியைக் குவித்து, ஒளிமின்கலத்தில் விழச்செய்து, அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கி விசையை இயக்கினர். நாற்பதாண்டுக்கு முன் அதே ஊரில் நடந்த கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி இது என்பது அவர்கள் எண்ணம். பின்னாளைய அளவையில் சோதியின் தொலைவு ஏறத்தாழ 37 ஒளியாண்டு என்று தெரிந்தது. பிழை தெரிந்தது, திருத்திக்கொண்டார்கள். பரிகாரம் எதுவும் செய்யவில்லை.

சித்திரை மீன் இதைவிடப் பெரிய செய்தி ஒன்றைச் சொன்னது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே இப்பார்க்கசு என்னும் கிரேக்கர், தமக்கு ஏறத்தாழ 150 ஆண்டு முன்னே அலெக்சாந்திரியாவில் திமோக்காரிசு குறித்த சித்திரையின் இடத்தைத் தாம் கண்ட இடத்தோடு ஒத்துப் பார்த்தார். இரவும் பகலும் சமமாகும் புள்ளியிலிருந்து முன்பு எட்டுப் பாகை தள்ளி நின்றது, இப்போது ஆறு பாகைதான் தள்ளி நின்றது. மீன் நகரவில்லை, பூமியின் அச்சே, வேகம் தணிந்த பம்பரம் போல, மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பஞ்சாங்கம் விண்மீன்களைக் கொண்டு ஆண்டை அளக்கிறது. பருவம் மாறுவதோ கதிரவனைக் கொண்டு. முன்னது பின்னதைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் நீளம். எழுபது ஆண்டுக்கு ஒரு நாளாக வளர்ந்து, பல நூற்றாண்டில் அந்தப் பிழை மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது. சித்திரை முதல் நாளுக்கு ‘விஷு’ என்று ஒரு பெயர் உண்டல்லவா? இரவும் பகலும் சமமான நாள் என்பதே அதன் பொருள். சமநாளோ மார்ச் 20, 21ஐ ஒட்டியே வந்து போய்விடுகிறது. விஷு ஏப்ரல் 14இல் கொண்டாடப்படுகிறது. பெயர் இருக்கிறது, பொருள் ஓடிவிட்டது! (புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்னும் வழக்கை நாம் இங்கே விசாரிக்கவில்லை. அதற்கு வேறு நாள் உண்டு.) டாக்கா அருகே சிற்றூரில் ஒரு சிறு மளிகைக்காரரின் மகனாய்ப் பிறந்து, தாழ்ந்த சாதியென்று விடுதிப் பந்தியில் ஒதுக்கப்பட்டு, உலகறிந்த அறிவியலாளராக உயர்ந்த மேகநாத சாகா, பஞ்சாங்கத் திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1955இல் அளித்த அறிக்கையில் இந்தப் பிழையை எடுத்துக்காட்டினார். 1957 மார்ச் 22 முதல் அரசாங்கத்தின் நாட்காட்டி திருந்தியது. மக்கள் கையிலுள்ள பஞ்சாங்கம் திருந்தவில்லை.

நம் நாட்டிலேயே எளியவர் ஒருவர் இரவெல்லாம் விழித்து வானத்தை அளந்தார் என்பதைப் பலர் அறியார். வங்காளத்தின் ஜெசோர் நகரிலே, அரசாங்கக் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் வேலை பார்த்தவர் ராதா கோவிந்த சந்திரர். பள்ளி இறுதித் தேர்வில் மும்முறை தோற்றவர். 1910இல் வந்த ஆலி வால்மீனை இருகண் கருவியால் பார்த்தது முதல் வானப் பித்துப் பிடித்தது. மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். விண்மீன்களின் ஒளி ஏறுவதையும் இறங்குவதையும் இரவுதோறும் மதிப்பிட்டு எழுதினார். அமெரிக்காவில் இத்தகைய ஆர்வலர்களின் சங்கம் அவருடைய குறிப்புகளைக் கண்டு மதித்து, ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பியது. 37,000க்கும் மேற்பட்ட அளவைகளை அவர் அளித்தார். தேர்வு எழுதும் மண்டபத்தில் தோற்றவன் தெருத்திண்ணையில் வென்றான். முதுமையில் அவர் அந்தத் தொலைநோக்கியை வானநூல் வல்லுநர் வைணு பாப்புவிடம் ஒப்படைத்தார். அது பின்னர் ஜவ்வாது மலையிலுள்ள நம் காவலூருக்கு வந்து சேர்ந்தது.

இறுதியாக ஒரு மீன். சோதிக்குக் கீழே, கிழக்கிலே, ஏழு சிறுமீன்கள் அரைவட்டமாக மாலைபோல் அமைந்திருக்கும்; வடமுடி என்பர். 1866 மே மாதம் அயர்லாந்திலே ஜான் பர்மிங்காம் என்பவர் நண்பர் வீட்டிலிருந்து இரவில் திரும்புகையில் அந்த அரைவட்டத்தின் ஓரத்தில் முன்பில்லாத ஒரு மீன் பளிச்சென எரிவதைக் கண்டார். அதன் நிறமாலையை ஆராய்ந்து அங்கே நீர்வளி எரிவதுபோல் ஒளிர்கிறது என்று காட்டிய வில்லியம் அக்கின்சு, குடும்பத் துணிக்கடையை விற்றுவிட்டு வானம் பார்க்க வந்தவர். சில நாளில் அந்த மீன் மங்கிக் கண்ணுக்கு மறைந்தது. மறுபடி வெடிக்கலாம் என்று அமெரிக்காவிலே பெல்டியர் என்னும் உழவர் மகன் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இரவுதோறும் அதையே காத்திருந்தார். 1946 பிப்ரவரியில் ஒருநாள் விடியுமுன் எழுந்தவர், சளி பிடிக்கும்போலிருக்கிறதே என்று மீண்டும் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது! முதலில் கண்டவர்களுள் ஒருவர் சோவியத் நாட்டிலே ரயில் பாதையை இரவில் நடந்து காவல் பார்க்கும் தொழிலாளி, கமென்சுக். வேல்சிலே பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டுச் சன்னலில் நின்று கண்டான்.

1866, 1946. இடைவெளி 80 ஆண்டு. அடுத்தது எப்போது என்பதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம், இயற்கை முகூர்த்தம் பார்ப்பதில்லை.

1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே மணம் மணந்தான். அந்தச் சட்டத்திலே அருந்ததிக்கு வேலை இல்லை. அப்படி மணந்து வீடு திரும்பிய இணையர் இளவேனில் இரவொன்றில் மாடிக்கு ஏறினால், இருவரும் சேர்ந்து வடக்கே பார்க்கட்டும். யார் கண்ணுக்கு முதலில் தெரிகிறது என்று பந்தயம் கட்டட்டும். பிறகு சோதிக்குக் கீழே அந்த அரைவட்டத்தைத் தேடட்டும். அதன் ஓரத்தில் வழக்கமாக எதுவும் தெரியாது. அந்த வெறும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கி வாருங்கள்.